இன்டேக் மேனிஃபோல்டை வீட்டிலேயே கழற்றலாமா? வாசகர் கேள்விகள், பதில்கள்

இந்த முறை பக்கம் முழுவதையும் இன்டேக் மேனிஃபோல்டுக்கே ஒதுக்கிவிட்டேன், திரும்பத் திரும்ப அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் பாடி வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய்த் தொகுதிதான் அது; பழைய கார்களில் அலுமினியம், இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். பலத்தைவிடப் பொறுமையும் சுத்தமும் கேட்கிற வேலை.

என் பெட்ரோல் கார் 12 வருடப் பழசு. சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி ஏறி இறங்குகிறது, நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. 'மேனிஃபோல்டு பேக்கிங் போயிடுச்சு, கழட்டணும்' என்கிறார் மெக்கானிக். நானே செய்யலாமா?
– வாசகர், நாமக்கல்

தாராளமாகச் செய்யலாம். ஆனால் காரணம் பேக்கிங்தானா, அதாவது மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ந்து விரிசல் விட்ட வேக்யூம் டியூப், எலி கடித்த ஹோஸ், கரி படிந்த த்ராட்டில் பாடி, பிரேக் பூஸ்டருக்குள் கிழிந்த டயஃப்ரம் எல்லாமே இதே அறிகுறியைக் காட்டும். டியூப் மாற்றுவது அரை மணி நேர வேலை, மேனிஃபோல்டு ஒரு நாள் வேலை. அதனால் எப்போதும் டியூபிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள், நேராக இருக்கும்போது தெரியாத விரிசல் வளைத்தால் வாய் திறக்கும்.

சிக்னலில் மட்டும் ஏன் தொந்தரவு என்றால், ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன, மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. முடி அளவு இடைவெளி கிடைத்தாலும் காற்று பாய்ந்து உள்ளே போகும். எஞ்சின் அப்போது எடுக்கிற மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அது கணக்கிலேயே வராது.

சோதிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் கோட்டில் பனி போல மெல்ல அடித்துக்கொண்டே போங்கள், இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர் பக்கம் படாமல். தண்ணீர் இடைவெளியை ஒரு நொடி அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். நிறையப் பேர் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கிறார்கள். பல கார்களில் புகை வெளியேறும் சைலன்ஸர் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்து பக்கத்திலேயே இருக்கிறது, எரியும் திரவத்தை அங்கே அடிப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஊதுபத்திப் புகை உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.

எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் ஃப்யூல் ட்ரிம் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐட்லிங்கில் கூட்டல் 20 சதவீதம் காட்டிவிட்டு 2500 ஆர்பிஎம்மில் 5க்கு இறங்கினால் காற்றுக் கசிவு. ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறினால் பெட்ரோல் சப்ளையில் கோளாறு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் வண்டிகளுக்குத்தான் இந்தக் கணக்கு சுத்தமாகப் பொருந்தும். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். கசிந்து வந்த காற்றையும் சேர்த்தே அது பார்த்துவிடுவதால் கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும், ட்ரிம் பெரிதாக நகராது, ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கும். ஸ்கேனரில் எரர் கோட் வரவில்லை என்பதற்காகக் கசிவு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வேக்யூம் கேஜ் வாங்கி மாட்டினேன். ஐட்லிங்கில் 12 அங்குலம்தான் காட்டுகிறது. 18க்குக் குறையக் கூடாது என்கிறார்களே?
– வாசகர், ஊட்டி

18 முதல் 22 அங்குலம் (உறிஞ்சலைப் பாதரச உயரத்தில் அளப்பது) என்பது கடல் மட்டக் கணக்கு. 1000 அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். ஊட்டி 2240 மீட்டர், அதாவது சுமார் 7350 அடி; 7 அங்குலத்தைக் கழித்துப் பாருங்கள், உங்கள் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. முள் ஆடாமல் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எதை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியில் கழற்றுவது? கழற்றும்போது உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு சூடாக அலுமினிய ஹெட்டில் கைவைத்தால் மரையும் சேர்ந்து வரலாம், ஹெட்டும் வளையலாம், ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கையும் வெந்துபோகும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் ஆரம்பியுங்கள்.

அடுத்தது பெட்ரோல். வண்டி நின்ற பிறகும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரெயிலில் 3 பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும், பைப்பைப் பிடுங்கினால் முகத்தில் பீய்ச்சும். ஃப்யூல் பம்ப் ஃப்யூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், சில நொடிகளில் தானாக நின்றுவிடும், மறுபடி இரண்டு மூன்று நொடி செல்ஃப் கொடுங்கள், அப்புறம் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் சொட்டும், அதனால் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் பைப்பை எடுக்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் கார் என்றால் உயர் அழுத்தப் பைப்பைத் தொடவே தொடாதீர்கள், ஓடும்போது அதில் 100 பாருக்கு மேல் போகும். போர்ட்டிகோவில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று: சாயங்காலம் வாசலில் விளக்கு வைக்கும் வழக்கம் இருந்தால் அன்றைக்கு வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது விளக்கு நேரத்துக்கு முன் பெட்ரோல் வேலையை முடித்துத் துணிகளை அப்புறப்படுத்திவிடுங்கள்.

கழற்றும் முன் நாலு பக்கமிருந்தும் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு டியூபிலும் அது போகும் இடத்திலும் ஒரே எண் எழுதிய காகித டேப் ஒட்டுங்கள். படம் மட்டும் போதாது, மறுநாள் பார்க்கும்போது இரண்டு கறுப்பு டியூப்களுக்கு வித்தியாசம் தெரியாது. பல கார்களில் த்ராட்டில் பாடிக்கே கூலன்ட் ஹோஸ் வருகிறது, கார்புரேட்டர் கார்களில் மேனிஃபோல்டுக்குள்ளேயே கூலன்ட் ஓடுவதும் உண்டு, ஆகவே கூலன்டை வடித்துக்கொண்டு தொடங்குங்கள். ஹெட்டில் காற்று நுழையும் துளையான போர்ட்டுக்குள் கூலன்ட் வழிந்தால் சிலிண்டருக்குத்தான் போகும். வடித்த கூலன்ட் நாய், பூனை நக்கும் இடத்தில் இருக்கக் கூடாது, அது விஷம்.

நீங்கள் பயப்படுகிற உடைப்பு பெரும்பாலும் ஒரே காரணத்தால் நடக்கிறது. மேலே தெரியும் போல்ட்டை எல்லாம் கழற்றியாகிவிட்டது, மேனிஃபோல்டு வரவில்லை, ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புகிறார்கள், நைலான் விரிசல் விடுகிறது. கீழே எஞ்சின் பிளாக்கிலிருந்து தாங்கிப் பிடிக்கும் ஒரு பிராக்கெட் இருக்கும், அதன் போல்ட் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத்தான் தேட வேண்டும். பேக்கிங் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே விட்டுவிடும். அதற்கும் அசையாவிட்டால் எங்கோ ஒரு போல்ட் இருக்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிட்டுத் தேடுங்கள்.

போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். எடுத்தவுடனே ஹெட்டில் திறந்து கிடக்கும் ஒவ்வொரு போர்ட்டையும் நூல் பிரியாத சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். டிஷ்யூ பேப்பர் கிழிந்து உள்ளே போகும், வேண்டாம். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், எடுக்கும்போது எண்ணிக்கை சரியாக வர வேண்டும்.

போர்ட்டுக்குள் ஒரு சின்ன வாஷர் விழுந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் சைலன்ஸர் வழியாக வெளியே வந்துவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

இல்லை. தயவுசெய்து செல்ஃப் கொடுக்காதீர்கள், எஞ்சினைக் கையாலும் சுற்றாதீர்கள். அந்த சிலிண்டரின் இன்டேக் வால்வு இப்போது மூடியிருந்தால் வாஷர் வால்வின் முதுகில் கிடக்கிறது, எடுத்துவிடலாம். எஞ்சினைச் சுற்றினால் வால்வு திறந்து அதை சிலிண்டருக்குள் விட்டுவிடும், அப்புறம் பிஸ்டனும் ஹெட்டும் அதை நடுவில் வைத்து அடிக்கும்.

போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா வாங்கிப் போர்ட்டுக்குள் பாருங்கள். இரும்பு வாஷர் என்றால் நீள் காந்தக் குச்சியில் வரும். அலுமினியமும் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது, குச்சி நுனியில் கெட்டி கிரீஸ் தடவி ஒட்டி எடுக்க வேண்டும். வீட்டு வேக்யூம் கிளீனரை வைத்து உறிஞ்ச நினைக்காதீர்கள், அதன் மோட்டாரில் தீப்பொறி பறக்கும், உள்ளே போவது பெட்ரோல் ஆவி. போர்ட்டில் இல்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக சிலிண்டருக்குள் கேமராவை விடுங்கள். அங்கே கிடந்து, எட்டி எடுக்கவும் முடியாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். செலவுதான், ஆனால் எஞ்சினை இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

பழைய பேக்கிங் ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எமரி ஷீட் போட்டுத் தேய்த்துவிட்டு இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் தடவி மாட்டலாமா? பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள்.
– வாசகர், மதுரை

இரண்டுமே கூடாது. எமரியிலும், டிரில்லில் மாட்டித் தேய்க்கும் நார் டிஸ்க்கிலும் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு துகள். தேய்க்கும்போது உதிர்ந்து போர்ட்டுக்கும் ஆயில் வழிக்கும் போகும், பேரிங்கை அரித்துவிடும். இதற்காகவே ஜெனரல் மோட்டார்ஸ் தன் சர்வீஸ் பட்டறைகளுக்கு அந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. பேக்கிங் ரிமூவர் தடவி ஊறவிட்டு பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். நேரம் பிடிக்கும். மொத்த வேலையிலும் அதிக நேரம் போக வேண்டிய இடம் இதுதான், இங்கே அவசரப்பட்டவர்கள்தான் மறுபடி கழற்றுகிறார்கள்.

பேஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண சிலிக்கான் பெட்ரோல் பட்டால் ஊதி இளகிவிடும். அழுத்தும்போது உள்பக்கம் பிதுங்கும் துணுக்கு பிய்ந்து எஞ்சினுக்குள் போகும், எரிந்து வரும் சிலிக்கான் ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். ரப்பர் வளையம் பதித்த பேக்கிங்கை உலர்வாகத்தான் மாட்ட வேண்டும், பேஸ்ட் தடவினால் வளையம் வழுக்கி இடம் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் குறிப்பிட்ட மூலையில் தடவு என்று சொன்னால் மட்டும் அந்த மூலையில் தடவுங்கள்.

பேக்கிங் மாற்றியும் கசிகிறது என்றால் முகம் வளைந்திருக்கும். நேரான எஃகு ஸ்கேலைக் குறுக்காகவும் நீளமாகவும் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.10 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் அலுமினிய மேனிஃபோல்டை லேத் பட்டறையில் கொடுத்து முகம் பிடிக்க, அதாவது சமமாகச் சீவச் சொல்ல வேண்டும், நைலான் என்றால் புதியது வாங்க வேண்டும்.

எவ்வளவு டைட் வைப்பது? டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில் முடியாதா?
– வாசகர், திருநெல்வேலி

வாடகைக்கோ கடனுக்கோ, இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் தேடிப் பிடியுங்கள். சிறிய கார்களின் அலுமினிய மேனிஃபோல்டில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு, நைலானுக்கு இன்னும் குறைவாகவும் இருக்கும். உங்கள் மாடலின் எண்ணைப் புத்தகத்தில் பார்த்தே தீர வேண்டும், பார்க்கும்போது அலகையும் கவனியுங்கள்: பழைய புத்தகங்களில் கிலோகிராம்-மீட்டர் கணக்கில், அதாவது ஒரு மீட்டர் கைப்பிடியில் எத்தனை கிலோ எடை என்று இருக்கும், அதை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். அமெரிக்கப் புத்தகத்தில் அடி பவுண்டு என்றிருந்தால் 1.36 ஆல் பெருக்குங்கள்.

சப்பாத்தி மாவை நடுவிலிருந்து வெளியே தேய்ப்பது போல நடு போல்ட்டில் ஆரம்பித்து இருபக்கமும் மாறி மாறி ஓரத்துக்குப் போக வேண்டும், மூன்று சுற்றாக: முதலில் விரலால், அப்புறம் பாதி அளவு, அப்புறம் முழு அளவு. ஓரத்தில் முதலில் இறுக்கினால் நடுவில் மேனிஃபோல்டு வில்லாக நின்றுவிடும். எல்லா போல்ட்டும் விரலாலேயே பல சுற்று உள்ளே போக வேண்டும், போகாததைப் பலவந்தப்படுத்தினால் மரை போய்விடும், அப்புறம் ஹெலிகாயில் என்ற புது மரைச் சுருள் போடத்தான் ஆள் தேட வேண்டும். அடி மூடிய துளைகளில் கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருந்தால் துடைத்து எடுத்துவிடுங்கள், திரவம் அமுங்காது, போல்ட் அதை அழுத்த ஹெட்டே வெடிக்கலாம்.

1989 மாடல் அம்பாசடர் பெட்ரோல், அப்பாவின் வண்டி. மேனிஃபோல்டு பேக்கிங் இரண்டு முறை மாற்றியும் ஒரு பக்கம் சைலன்ஸர் புகை கசிகிறது, இழுவையும் இல்லை.
– வாசகர், காரைக்குடி

இந்த வண்டியைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. அதில் இருக்கும் 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தின் பிஎம்சி பி சீரிஸ் வடிவமைப்பு. காற்று போகும் வழியும் புகை வரும் வழியும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, இரண்டு மேனிஃபோல்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங். தடித்த வாஷர்கள் இரண்டின் விளிம்பிலும் ஒரே நேரத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரே நட்டில் இரண்டையும் அழுத்துகின்றன.

உங்கள் கோளாறு அந்த வாஷரில் இருக்கவே வாய்ப்பு அதிகம். எப்போதாவது யாராவது ஒரு மேனிஃபோல்டை மட்டும் முகம் பிடித்திருந்தாலோ, வேறு வண்டியின் சைலன்ஸர் மேனிஃபோல்டைப் போட்டிருந்தாலோ, இரண்டு விளிம்பின் தடிமனும் வேறுபட்டுப்போகும்; வாஷர் சாய்வாக உட்காரும், தடித்த பக்கம் இறுகும், மெல்லிய பக்கம் கசியும். எத்தனை பேக்கிங் மாற்றினாலும் தீராது. வெர்னியரால் இரண்டு விளிம்பையும் அளந்து பாருங்கள், மேனிஃபோல்டுகளை ஒன்றாக வைத்து முகம் பிடிக்கும் லேத்காரரிடம் கொடுங்கள், வளைந்த வாஷர்களையும் மாற்றுங்கள்.

இழுவைக்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். அந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் போர்ட், 1, 2க்கு ஒன்று, 3, 4க்கு ஒன்று. ஒரு போர்ட்டில் கசிந்தால் பாதி எஞ்சின் பலவீனமாகிவிடும். அந்தக் காலத்துப் பேக்கிங் இன்னும் ஒட்டியிருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உலர்வாகச் சுரண்டாமல் தண்ணீரில் நன்றாக நனைத்து முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுங்கள். இசுஸூ எஞ்சின் அம்பாசடர் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

டீசல் கார். இழுவை குறைந்து கரும்புகை வருகிறது. இன்டேக் மேனிஃபோல்டில் கரி அடைப்பு என்கிறார்கள். கழற்றாமல் ஸ்ப்ரே அடித்தே சுத்தம் செய்ய முடியுமா?
– வாசகர், ஓசூர்

டீசலில் இந்தக் கரி வருவதற்கு இரண்டு வழி. நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்க இஜிஆர் வால்வு புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுகிறது, அதில் கரித்தூள் இருக்கும். எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வரும் காற்றில் ஆயில் ஆவி இருக்கும். இரண்டும் மேனிஃபோல்டில் சேர்ந்து தார் போலப் படிகின்றன. நகர நெரிசலிலேயே ஓடும் வண்டியில் வேகமாகச் சேரும்.

ஓடும் டீசல் எஞ்சினில் வீட்டில் நீங்களாக ஸ்ப்ரே அடிக்காதீர்கள். டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது, உள்ளே வரும் எரியக்கூடிய எதையும் அழுத்தத்திலேயே எரித்துவிடும். ஸ்ப்ரேயும் கரைந்த ஆயிலும் எரிபொருளாகி எஞ்சின் கட்டுப்பாடின்றிச் சுழலலாம், சாவியை அணைத்தாலும் நிற்காது. கட்டியாகப் பெயரும் கரி வால்வில் சிக்குவது வேறு. மேனிஃபோல்டைக் கழற்றி, சென்சார்களை முதலில் எடுத்துவிட்டு, டிகிரீசரில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுவதுதான் வழி. அதற்கு முன் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் விரிசல், இஜிஆர் வால்வு திறந்தே நிற்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன, அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்கப்போவது நம் தெருப் பிள்ளைகள்தான்.

எல்லாம் மாட்டிவிட்டேன், ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐட்லிங் 1800, பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது. ஓட்டலாமா?
– வாசகர், கடலூர்

ஓட்டவே கூடாது, கேட்டைத் தாண்டாதீர்கள். மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை மாட்ட மறந்திருக்கிறீர்கள், அல்லது கிளிப் சரியாக உட்காரவில்லை. பூஸ்டருக்கு வேக்யூம் இல்லாததால் பெடல் கல்லாகிறது, திறந்து கிடக்கும் அதே வழியாகக் காற்று புகுவதால் ஐட்லிங் ஏறுகிறது. மாட்டிய பிறகு எஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை எடுக்க வேண்டாம்.

பெட்ரோல் கசிவையும் இப்போதே பாருங்கள். சாவியை ஆன் செய்து மூன்று நொடி விட்டு அணைப்பதை சில முறை செய்தால் பம்ப் ரெயிலில் அழுத்தம் ஏற்றும், அப்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் விரலை வைத்து ஈரம் பாருங்கள். இன்ஜெக்டர் ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டு ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி நுழைத்திருந்தால் கசியாது; பழையதையே போட்டிருந்தால் கழற்றி மாற்றிவிடுங்கள்.

பேட்டரி கழற்றியதால் எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் ஐட்லிங் சில நிமிடம் தடுமாறும், ஏசி, விளக்கு எதுவும் போடாமல் சூடாகும்வரை ஓடவிட்டால் பெரும்பாலும் தானாகக் கற்றுக்கொள்ளும், சில மாடல்களுக்கு மட்டும் ஸ்கேனர் வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுழன்று நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்து வெப்ப முள்ளைப் பாருங்கள், கூலன்டில் காற்று தங்கியிருந்தால் அப்போதுதான் தெரியும். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் கூலன்ட் அளவு இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்புங்கள்.